கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்: காஸ்ட்ரால் கிளாசிக் எக்ஸ்எல் 20டபிள்யூ-50, இரண்டு ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

என் பழைய எம்ஜிபி ஜிடி காரின் கியர்பாக்ஸில், நடுவில் ஒரு குளிர்காலம் தவிர, இரண்டு ஆண்டுகளாக எஞ்சின் ஆயில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. காஸ்ட்ரால் கிளாசிக் எக்ஸ்எல், 20டபிள்யூ-50. இதைச் சொன்னபோது சென்னையில் இருக்கும் என் அண்ணன் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏனப்பா, லண்டனில் கியர் ஆயில் கிடைக்காதா?" என்றார். நான் இருப்பது லண்டனில் இல்லை, ஐம்பது மைலுக்கு மேல் தள்ளி டிட்காட்டில் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அவருக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

அண்ணன் திகைத்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் அப்பாவிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைச் சென்னையிலேயே தயாரித்து விற்ற வண்டி அது. அதைப் பழுது பார்த்தவர் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருந்தார். எஞ்சினைத் தவிர வண்டியில் எந்த இடத்துக்கு ஆயில் வேண்டும் என்றாலும் அவர் வாயில் வருவது ஒரே பதில்தான்: 90 ஆயில். கியர்பாக்ஸா, 90. பின் அச்சா, 90. நாங்கள் இருவரும் அந்த எண்ணை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துகொண்டு வளர்ந்தவர்கள்.

அந்த வாய்ப்பாட்டை நம்பித்தான் 2022 மார்ச்சில் ஏமாந்தேன். எம்ஜிபியை விற்றவர் ஒரு கட்டு ரசீது கொடுத்தார். முந்தைய குளிர்காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியதற்கான ரசீதும் அதில் இருந்தது. முழுச் செயற்கை ஆயில், 75டபிள்யூ-90, ஜிஎல்-5, உயர்தரம் என்றெல்லாம் எழுதியிருந்தது. 90 என்ற எண் கண்ணில் பட்டதும் மனம் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் படிக்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சில வரிகள். 1973இல் ஆபிங்டனில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. இருந்த இடம் என் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தொலைவு. நிறத்தின் பெயர் ஹார்வெஸ்ட் கோல்டு. அறுவடைப் பொன் என்று நான் பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். என் மனைவி ஒரு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மோர்க்குழம்பு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வண்டிக்கு அதுதான் பெயர்.

இந்த மோர்க்குழம்பை நான் தேடிப்பிடித்து வாங்கியதற்குக் காரணம் அதன் ஓவர்டிரைவ். அந்தக் காலத்து எம்ஜிபிக்கு நான்கே கியர். நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் வண்டி மணிக்குச் சுமார் 18 மைல் போகும். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போனால் எஞ்சின் 3,900 சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் கியர்பாக்ஸின் வாலில் ஓவர்டிரைவைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கோலை விரலால் தட்டினால் போதும். கிளட்சை மிதிக்க வேண்டாம். ஒரு மெல்லிய உந்தல்; சுற்று 3,900இலிருந்து 3,200க்கு இறங்கிவிடும். வேகம் அதேதான். அந்த 700 சுற்று குறையும்போது வண்டிக்குள் வந்து உட்காரும் அமைதிக்காகவே நான் வேண்டுமென்று சுற்று வழியில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

இதை வடிவமைத்தவர் கேப்டன் எட்கர் டி நார்மன்வில். ஷெஃபீல்டில் இருந்த லேகாக் நிறுவனம் தயாரித்தது. டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார், வால்வோ என்று அந்தக் காலத்தில் பலர் வாங்கி மாட்டிய பொருள். என் வண்டியில் இருப்பது எல்எச் என்ற வகை. ஆயில் விவகாரம் புரிய வேண்டுமானால் இதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நவக்கிரக சந்நிதியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்கள். ஓவர்டிரைவுக்குள்ளும் நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள் பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உட்புறம் பல் வைத்த ஒரு பெரிய வளையம். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி கோள்களைத் தாங்கும் சட்டத்துக்குள் நுழைகிறது. சக்கரங்களுக்குப் போகும் சுழற்சி வெளி வளையத்திலிருந்து புறப்படுகிறது. சூரியனோடு இணைந்து, முன்னும் பின்னும் நகரும் ஒரு கூம்பு இருக்கிறது. அதன் இரு பக்கமும் உராய்வுப் பட்டை. சாதாரணமாக ஸ்பிரிங்குகள் அந்தக் கூம்பை வளையத்தோடு ஒட்டி அழுத்தி வைத்திருக்கும். எல்லாம் ஒரே கட்டியாகச் சுழலும். கோலைத் தட்டியதும் ஒரு வால்வு திறக்கிறது. ஆயில் அழுத்தம் இரண்டு பிஸ்டன்களைத் தள்ள, அவை கூம்பைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் அசையாமல் இருக்கும் ஒரு பிரேக் வளையத்தில் அழுத்துகின்றன. சூரியன் நின்றுவிடுகிறது. நின்ற சூரியனைச் சுற்றிக் கோள்கள் உருளும்போது வெளி வளையம் உள்ளே வருவதைவிட வேகமாகச் சுழல்கிறது. உள்ளே 0.82 சுற்று வந்தால் வெளியே ஒரு முழுச் சுற்று. அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது ஆயிலின் நிலையை யோசித்துப் பாருங்கள். கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒரே ஆயில் கியர் பற்கள் தேயாமல் காக்க வேண்டும். சிறு பம்பு ஒன்றின் வழியாகச் சதுர அங்குலத்துக்குச் சில நூறு பவுண்டு அழுத்தத்தோடு பிஸ்டனையும் தள்ள வேண்டும். கூம்பை நனைக்க வேண்டும், ஆனால் அந்தக் கூம்பு வழுக்கக் கூடாது. வழுக்க வைப்பதற்கென்றே பிறந்த பொருளிடம் ஓர் இடத்தில் மட்டும் வழுக்காதே என்று கேட்கிறோம். கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்கள் பிடிப்பதும் இப்படி ஈரத்தில் நடக்கும் உராய்வுதான். ஆயில் அளவுக்கு மீறி வழுவழுப்பாக இருந்தால் வளையம் பிடிக்காது, பல்லோடு பல் மோதிக் கடகடக்கும்.

என் வண்டியில் அதுதான் நடந்தது. காலையில் கிளம்பினால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போடும்போது கரகரவென்று சத்தம். குளிர் விட்டதும் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஏப்ரலில் ஒரு நாள் ஏ34 சாலையில் நியூபரி நோக்கிப் போனேன். சில்டனைத் தாண்டியதும் கோர் ஹில் ஏற்றம். ஓவர்டிரைவில் 60 மைல், 2,700 சுற்று. ஏற்றத்துக்காகக் காலை அழுத்தினேன். சுற்று முள் ஏறியது. 2,900. 3,100. வேகமானியோ அப்படியே நின்றது. 3,350க்கு வந்ததும் முள்ளும் நின்றுவிட்டது. நேரடி நான்காவது கியரில் 60 மைல் போனால் என்ன சுற்று இருக்குமோ, மிகச் சரியாக அது. கூம்பு வழுக்கி, கடைசியில் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் பாரத்தைத் தாங்கிக்கொண்டது.

ஓவர்டிரைவ் தகராறு என்றால் பெரும்பாலும் மின் இணைப்பில்தான் கோளாறு இருக்கும். ஒரு கம்பி, ஒரு சுவிட்ச், ஒரு சாலினாய்டு. ஆனால் மின்சாரம் போனால் விளக்கு அணைவது போலச் சட்டென்று போகும். முள் படிப்படியாக ஏறாது. நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை செய்கிறவன். கம்பி அறுந்ததற்கும் பிடி நழுவியதற்கும் வித்தியாசம் தெரியும். இது நழுவல்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் எண்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். ஆபிங்டன் தொழிற்சாலையில் வண்டி கோக்கும் வரிசையில் வேலை செய்தவர். அழுத்தமானியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டிப் பார்த்தோம்; அழுத்தத்தில் குறை இல்லை. ஆயில் அளவும் சரி. கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?"

"நல்ல ஆயில்தான். உயர்தரம்."

"நல்லதா என்று கேட்கவில்லை. என்ன ஆயில் என்று கேட்டேன்."

ரசீதைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். வண்டியோடு வந்த கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அது கையுறைப் பெட்டியில்தான் இருந்தது. நான் ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்கவில்லை. மசகு அட்டவணையில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில் என்றிருந்தது. 20டபிள்யூ-50. பின் அச்சுக்கு மட்டும் 90. அவர் வேறெதுவும் சொல்லவில்லை, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

எண்ணில் இருக்கும் மாயத்தை அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். எஞ்சின் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோல். இரண்டிலும் எஸ்ஏஇ என்ற தர அமைப்பின் பெயரைப் போட்டிருப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். 100 டிகிரி செல்சியஸில் எஞ்சின் ஆயில் 50 என்றால் அதன் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை. கியர் ஆயில் 90 தொடங்குவது 13.5இல். அதாவது 50 என்பதும் 90 என்பதும் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டி. ஊர்ப்படியும் பட்டணத்துப்படியும் போல. என் அண்ணன் நினைத்தது மாதிரி நான் கெட்டியான ஆயிலை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றவில்லை.

வித்தியாசம் கெட்டியில் இல்லை, உள்ளே கலந்திருப்பதில் இருக்கிறது. ஜிஎல்-5 என்பது பின் அச்சில் இருக்கும் ஹைப்பாயிட் பல்சக்கரங்களை மனத்தில் வைத்துச் செய்தது. அங்கே பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன் மேல் ஒன்று தேய்த்துக்கொண்டு நழுவும், அழுத்தமோ அசுரத்தனம். அதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த வேதிப்பொருள்களை அதில் தாராளமாகச் சேர்க்கிறார்கள். அவை உலோகத்தின் மேல் ஒரு படலத்தை உருவாக்கிக் காக்கும். பின் அச்சுக்கு அமிர்தம். சின்க்ரோ வளையம் பித்தளையோ வெண்கலமோ ஆக இருக்கும் கியர்பாக்ஸில், அதுவும் கூம்பு பிடிக்க வேண்டிய ஓவர்டிரைவில், அதே படலம் வேண்டாத விருந்தாளி. ஜிஎல்-4இல் இந்தச் சேர்மானம் சுமார் பாதி. எஞ்சின் ஆயிலில் இந்த அளவுக்குக் கிடையாது. தேய்மானத்துக்கு எதிரான துத்தநாகச் சேர்மம் மட்டும் இருக்கும். எம்ஜிபி கியர்பாக்ஸில் இருப்பவை சாய்வாக வெட்டிய சாதாரணப் பற்கள். அவற்றுக்கு அது போதும் என்று வண்டி செய்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள்.

ஆயிலை இறக்கிய நாளைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது மைல் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, வண்டியை நான்கு முட்டுத் தாங்கிகளில் ஏற்றி, அடியில் படுத்தேன். வடிகால் திருகைக் கழற்றியதும் வந்த நாற்றம், பெருங்காய டப்பாவில் அழுகிய முட்டையை உடைத்து ஊற்றியது போல. இரண்டுக்கும் கந்தகம்தானே காரணம். கியர்பாக்ஸ் வடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஓவர்டிரைவின் அடித்தட்டைத் தனியாகக் கழற்ற வேண்டும். அங்கே ஒரு கம்பிவலை வடிகட்டியும் காந்தமும் இருக்கின்றன. காந்தத்தில் கறுப்பு மை போல இரும்புத் துகள். இந்த வயதில் அது சகஜம். தட்டில் இருந்த ஆயிலில் வெயில் பட்டபோது மஞ்சளாக ஏதோ மின்னியது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டவில்லை. சின்க்ரோ வளையத்தின் பித்தளையாக இருக்க வேண்டும். அது அந்த ஆயில் செய்த வேலையா, ஐம்பது ஆண்டு ஓட்டம் செய்த வேலையா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இப்போதைய ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையை அரிக்காதபடி பக்குவப்படுத்தப்பட்டவை என்கிறார்கள். பல ஆயில்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அரிப்பு எனக்குப் பெரிய கவலையாக இல்லை. வழுக்கல்தான் கவலை.

காஸ்ட்ராலை வாங்கியதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. காஸ்ட்ரால் எக்ஸ்எல் என்பது அந்தக் காலத்திலேயே இந்த வண்டிகளுக்குச் சிபாரிசு செய்த பெயர். இன்னொரு காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் ஆயிலில் அதைக் கலந்தார்கள். விளக்கெண்ணெய் என்று பள்ளியில் என்னைத் திட்டிய கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொண்டுதான் டின்னை எடுத்தேன்.

டின் என்றால் உண்மையிலேயே தகர டின். ஒரு கேலன், 4.54 லிட்டர். கனிம ஆயில், தேன் நிறம். மூடியைத் திறந்தால் எந்த நாற்றமும் இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்த துணியின் வாசனை லேசாக வரும். நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள எம்ஜிபி கியர்பாக்ஸ், ஓவர்டிரைவோடு சேர்த்து 3.4 லிட்டர் பிடிக்கும். ஆனால் வடித்த பிறகும் உள்ளே வளைவு நெளிவுகளில் கொஞ்சம் தங்கியிருக்கும். முதல் தடவை மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் உள்ளே போயிற்று. மிஞ்சியது வீணாகாது. அதே ஆயில் எஞ்சினுக்கும் ஆகும், எஸ்யூ கார்புரேட்டரின் டேஷ்பாட்டுகள் என்ற சிறு ஆயில் கிண்ணங்களுக்கும் ஆகும். ஒரு டின்னை வைத்து மூன்று இடத்தைக் கவனிக்க முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே பாத்திரத்தில் குழம்பும் ரசமும் வைப்பது போன்ற சிக்கனம்.

ஊற்றுவதுதான் படாத பாடு. அதற்கு ஆயிலைக் குறை சொல்ல முடியாது. வண்டியின் அமைப்பு அப்படி. என் வருடத்து வண்டியில் ஆயில் ஊற்றும் துளை வண்டிக்குள்ளேயே இருக்கிறது. நடு மேட்டின் கம்பளத்தை விலக்கினால் ஒரு ரப்பர் அடைப்பான்; அதன் கீழே அளவுகோல் குச்சி. குச்சியை எடுத்துவிட்டு அந்தத் துளையில் குழாயும் புனலும் வைத்து ஊற்ற வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் மண்டியிட்டுக்கொண்டு கேலன் டின்னைச் சாய்த்துப் பாருங்கள்; அப்போது தெரியும். முதல் தடவை நல்லெண்ணெய் ஊற்றும் சமையலறைப் புனலைக் கேட்காமல் எடுத்துப்போய்விட்டேன். அதன் பலனாக இப்போது வீட்டில் இரண்டு புனல்கள் இருக்கின்றன. ஒன்றின் மேல் சிவப்பு மையில் என் பெயர். ஊற்றி முடித்தபின் ஐந்து மைல் ஓட்டி, ஓவர்டிரைவை நாலைந்து தடவை போட்டு எடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி மறுபடி குச்சியைப் பார்க்க வேண்டும். அளவு கட்டாயம் இறங்கியிருக்கும்.

பலன் எப்படி? இரண்டாவது கியரின் கரகரப்பு மறுநாள் காலையிலேயே பாதியாகக் குறைந்தது. ஓவர்டிரைவ் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. முதல் 150 மைல் வரை கோர் ஹில்லில் முள் இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. கூம்பின் பட்டைக்குள் பழைய ஆயில் ஊறியிருக்கும் என்று யோசித்து, 300 மைலில் மறுபடி முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்றினேன். அந்தக் கைச்செலவு வலித்தது. ஆனால் எம்ஜிபியில் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால் எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும். கூம்பை மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் இரண்டாவது டின் கொசுறு. அதன் பிறகு கோர் ஹில் ஏற்றத்தில் முள் அசையவில்லை. எம்40இல் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்திலிருந்து ஸ்டோகன்சர்ச் ஏற்றத்தையும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு சோதித்துவிட்டேன். பின்னால் இருக்கும் சின்ன இருக்கையில் உட்கார்ந்த என் மகன் இன்னும் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான், அது வேறு கதை. கோலைத் தட்டினால் ஒரு நொடிக்குள் பிடிக்கிறது. இதுவரை 9,000 மைல்.

குறைகளும் உண்டு. ஜனவரி காலையில், பூச்சியம் டிகிரிக்குக் கீழே, முதல் ஒரு மைலுக்குக் கியர் கோல் மரத்தில் அறைந்தது போல இறுகியிருக்கும். அவசரப்பட்டு இரண்டாவதுக்குத் தள்ளினால் முனகும். குளிரில் கெட்டிப்படும் 20டபிள்யூ ஆயிலின் இயல்பு அது. பொறுமையாக ஓட்டினால் சூடேறியதும் இளகிவிடும். இன்னொன்று முக்கியமானது. பலநிலை எஞ்சின் ஆயிலில் கெட்டியைக் காப்பதற்காகச் சேர்க்கும் நீண்ட மூலக்கூறுகளைக் கியர் பற்கள் அரிவாள்மணையில் கீரை நறுக்குவது போல நறுக்கிவிடும். நாளடைவில் 50 என்பது 50ஆக இருக்காது. அதனால் நான் 6,000 மைலுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். மாற்றியதும் கியர் விழுவதில் வித்தியாசம் கைக்குத் தெரிகிறது.

நடுவில் ஒரு குளிர்காலம் ஆசை யாரை விட்டது என்று செயற்கை ஜிஎல்-4, 75டபிள்யூ-90 ஒன்றையும் ஊற்றிப் பார்த்தேன். அது கியர்பாக்ஸுக்கென்றே செய்தது, சின்க்ரோவை மதிக்கும். குளிரில் கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஓவர்டிரைவும் வழுக்கவில்லை. ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது கியர்பாக்ஸின் சளசளப்பு கூடியது போல எனக்குப் பட்டது. பின்புற ஆயில் சீலிலிருந்து தரையில் சொட்டும் துளிகளின் எண்ணிக்கை கூடியதோ நிச்சயம், அட்டை விரித்து எண்ணினேன். விலையும் கைக்கு எட்டாத கிளையில் இருக்கிறது. குளிர்காலத்திலும் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓட்டுகிற எனக்கு வசந்தம் வந்ததும் மறுபடி 20டபிள்யூ-50தான்.

காஸ்ட்ரால்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. ஷ்ரூஸ்பரியின் மோரிஸ், பிரிக்ஹவுஸின் மில்லர்ஸ் இருவருமே பழைய வண்டிகளுக்கென்று 20டபிள்யூ-50 விற்கிறார்கள். எண்ணும் வகையும் ஒன்றாக இருந்தால் அன்று எது மலிவோ அதை எடுக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் இப்போதைய 5டபிள்யூ-30ஐ மட்டும் எஞ்சின் ஆயில்தானே என்று ஊற்றிவிடாதீர்கள். அது இந்தப் பம்புக்கும் பற்களுக்கும் மிக மெல்லியது. எரிபொருளை மிச்சப்படுத்த வழுவழுப்பு கூட்டும் சேர்மங்களும் அதில் இருக்கும். கியர் மென்மையாகும் என்று சின்னப் புட்டியில் விற்கும் கலவைகளும் அப்படித்தான். ஓவர்டிரைவ் இருக்கும் கியர்பாக்ஸில் ஒரு சொட்டுகூட வேண்டாம். பின் அச்சுக்கு வழக்கம் போல 90 ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும்.

அண்ணனுக்கு இதையெல்லாம் விளக்கிய பிறகு, "அப்படியானால் நம் பட்டறைக்காரர் இத்தனை நாள் தப்பாகவா சொன்னார்?" என்று வருத்தத்தோடு கேட்டார். இல்லை, அவர் சரியாகவே சொன்னார். டிரையம்ப் தன் கியர்பாக்ஸுகளுக்குக் கியர் ஆயிலைத்தான் சொன்னது. டிரையம்பின் டிஆர்6 காரில் இருப்பதும் லேகாக்கின் ஓவர்டிரைவ்தான். ஆனால் அதன் கையேட்டில் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் 90 வகை கியர் ஆயில் என்றிருக்கும், அதை இப்போது ஜிஎல்-4 என்று வாங்க வேண்டும். ஆஸ்டின்-ஹீலிக்கு எஞ்சின் ஆயில். பழைய வால்வோவில் ஓவர்டிரைவ் இருந்தால் எஞ்சின் ஆயில், இல்லாவிட்டால் கியர் ஆயில். ஓவர்டிரைவ் செய்த நிறுவனம் ஒன்றுதான். யார் வீட்டில் வாழ்க்கைப்பட்டதோ அந்த வீட்டுச் சாப்பாடு. ஹெரால்டு டிரையம்ப் வீட்டுப் பிள்ளை, அதனால் புளியமரத்தடியில் அதற்கு 90 கிடைத்தது.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஓவர்டிரைவோடு ஒரு டிஆர்6 வாங்கியிருக்கிறார். வார இறுதியில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றப்போவதாகச் சொல்லி, என் டின்னில் மிஞ்சியதைக் கேட்டார். கொடுக்கவில்லை. புனலைக் கொடுத்தேன், சிவப்பு மையில் என் பெயர் எழுதியதை.